கிழக்கோரத்துப் பத்தடி

மதிவாணன் அந்தப் பட்டையைக் கண்டுபிடித்தது வயலில் நின்று அல்ல. வீட்டில் மின்விசிறிக்கு அடியில் உட்கார்ந்து, செல்போனில். வானத்திலிருந்து எடுத்த படத்தில் தன் வயலைத் தேடிப் பெரிதாக்கிப் பார்த்துக்கொண்டிருந்தான். போன வருஷம் மாசியில் எடுத்த படம் போலிருக்கிறது. ஒன்பது மா நிலம், அதாவது மூன்று ஏக்கர், முழுக்க உளுந்து பச்சைப் பசேலென்று கிடந்தது. கிழக்கு ஓரத்தில் மட்டும், சாலையில் தொடங்கி உள்ளே அடுத்தவர் வயல் வரைக்கும், பத்தடி அகலத்துக்கு ஒரு மொட்டைப் பட்டை. அதற்கு முந்தைய வருஷத்துப் படத்தைப் பார்த்தான். அதிலும் இருந்தது. அதற்கும் முந்தையதிலும் இருந்தது.

அவனுக்குக் கோபம் வரவில்லை. உண்மையைச் சொன்னால் சந்தோஷம்தான் வந்தது. வானதி கவனிக்காமல் விட்ட ஒன்று கடைசியில் கிடைத்துவிட்டது!

பெண்டாட்டியின் தவறில் ஒரு மனிதன் இவ்வளவு சந்தோஷப்படலாமா என்று கேட்பவர்கள் அவன் நிலைமையைக் கொஞ்சம் யோசிக்க வேண்டும். இருபத்திரண்டு வருஷம் சிங்கப்பூரில், கப்பல் கட்டும் தளத்தில், கிரேன் தூக்கும் ஒவ்வொரு பாரத்துக்கும் கையெழுத்துப் போடும் வேலையில் இருந்தவன். காற்றின் வேகம் என்ன, கயிற்றின் பலம் என்ன, கீழே யார் நிற்கிறார்கள் என்று எல்லாம் தாளில் ஏறிய பிறகுதான் அவன் கை அசையும். அவன் கை அசைந்தால்தான் கிரேன் அசையும். அப்படிப்பட்டவன் போன ஆனியில் வேலையை முடித்துக்கொண்டு குத்தாலத்துக்குப் பக்கத்தில் இருக்கும் தன் ஊருக்கு வந்து சேர்ந்தபோது, வீடும் நிலமும் அவன் இல்லாமலே அழகாக ஓடிக்கொண்டிருந்தன. கேஸ் சிலிண்டர்காரர் வானதியைக் கூப்பிட்டார். உரக்கடைக்காரர் வானதியைக் கூப்பிட்டார். டிராக்டர்காரர், நடவுக்கு வரும் பெண்கள், வாய்க்காலில் தண்ணீர் முறை பார்ப்பவர், எல்லோருக்கும் வானதியின் நம்பர்தான் தெரியும். வீட்டு நாய் அவனைப் பார்த்து ஒரு மாதம் குரைத்தது.

அவனும் சும்மா இருக்கவில்லை. வீட்டிலுள்ள சுவிட்சுகளுக்கெல்லாம் மேலே பெயர் எழுதி ஒட்டினான். மோட்டார் போடும் நேரத்தை அட்டவணையாக்கிச் சுவரில் மாட்டினான். வானதி படித்துப் பார்த்துவிட்டு, "நல்லாருக்குங்க" என்றாள். கண்ணைக் கட்டி விட்டாலும் அந்த வீட்டில் எந்த சுவிட்ச் எங்கே இருக்கிறது என்று அவளுக்குத் தெரியும். அவள் கேலி செய்யவில்லை என்பதுதான் அவனை அதிகமாகக் குத்தியது.

கார்த்திகையில் ஒரு நாள் காலைப் பலகாரத்தின்போது வாய்விட்டே சொல்லிவிட்டான். "இந்த வீட்ல நான் விருந்தாளி மாதிரி இருக்கேன் வானதி. போடுற, சாப்புடுறேன். எனக்குன்னு இங்க என்ன இருக்கு?"

வானதி இரண்டு நாள் எதையோ யோசித்துக்கொண்டே திரிந்தாள். மூன்றாம் நாள் சொன்னாள்: "சம்பா அறுப்பும் உளுந்தும் இந்த வருஷம் உங்க பொறுப்பு. விதைக்கிறதுலேர்ந்து செடி புடுங்குற வரைக்கும் நீங்கதான். நான் குறுக்க வரமாட்டேன்."

அவள் சொன்னால் சொன்னதுதான் என்று அவனுக்குத் தெரியும். ஆனால் எதைக் கொடுத்திருக்கிறாள் என்று அப்போது முழுதாகத் தெரியாது.

இந்தப் பக்கத்தில் உளுந்துக்காக யாரும் தனியாக உழுவதில்லை. நெல் முற்றி நிற்கும்போதே, அறுப்புக்கு நாலைந்து நாள் இருக்கையில், கதிருக்கு நடுவே நடந்து ஈர மண்ணில் விதையைத் தூவிவிடுவார்கள். முந்தித் தூவினால் நிழலில் முளை வெளுத்து நீளும். பிந்தினால் மண்ணில் ஈரம் இருக்காது. அறுப்பு மிஷின் எந்த நாளில் வரும் என்பதோ மிஷின் ஓட்டுகிறவருக்கே தெரியாது. ஆக, யாருக்கும் தெரியாத ஒரு தேதிக்குச் சரியாக நாலைந்து நாள் முன்னால் விதைக்க வேண்டும். இதை இந்த ஜில்லாவே வருஷா வருஷம் செய்துகொண்டிருக்கிறது. யாரும் இதைப் பெரிய காரியமாகச் சொல்லிக்கொண்டதில்லை.

மதிவாணன் பெரிய காரியமாகத்தான் செய்தான். மிஷின் ஓட்டும் வீரையனைப் பிடித்து, தை பதினேழு என்று தேதி வாங்கினான். வீரையன் ஆத்தூர்ப் பக்கத்துக்காரர். "வந்துருவோம் சார்" என்றார். பத்து வயல்காரர்களிடம் அதே பதினேழைச் சொல்லியிருந்தார். மதிவாணன் அதை எழுதி வைத்து, பன்னிரண்டாம் தேதி விதைப்பு என்று கணக்குப் போட்டு, அளந்து வைத்த விதையோடு விடியற்காலையில் வயலில் இறங்கினான். வானதி வரப்பில் நின்று கூடையில் விதை நிரப்பிக் கொடுத்தாள். அவ்வளவுதான், வாயைத் திறக்கவில்லை.

கிழக்கு ஓரத்துக்கு வந்தபோது அவன் நிமிர்ந்து அவளை ஒரு பார்வை பார்த்தான். பிறகு அந்தப் பத்தடியிலும் சாலை முதல் கடைசி வரப்பு வரை கைநிறைய வீசினான். வானதி திரும்பி வாய்க்காலுக்குப் போய் வெகுநேரம் கை கழுவிக்கொண்டிருந்தாள். மறுநாள் காலை, ஒரத்தநாட்டில் தங்கை மகள் ஷோபனாவுக்குக் குழந்தை பிறந்திருக்கிறது, பத்து நாள் கூட இருந்துவிட்டு வருகிறேன் என்று பஸ் ஏறிவிட்டாள். குழந்தை பிறந்தது மார்கழியில். அதை மதிவாணன் கவனிக்கவில்லை.

பதினேழாம் தேதி மிஷின் வரவில்லை. பதினெட்டும் வரவில்லை. வீரையனின் போன் அடித்துக்கொண்டே இருந்தது, அவர் எடுக்கவில்லை. கதிருக்கு அடியில் உளுந்து முளைத்து, வெளிறிப்போய், வெளிச்சத்தைத் தேடிக்கொண்டு நின்றது. மதிவாணன் தினமும் நாலு தடவை குனிந்து பார்த்துவிட்டு வந்தான். பத்தொன்பதாம் தேதி சாப்பாடு இறங்கவில்லை. பாரத்தைத் தூக்கிவிட்டுக் கிரேனை நடுவில் நிறுத்தினால் எப்படி இருக்கும் என்று நினைத்துக்கொண்டான். அவன் அனுபவத்தில் அதைவிட மோசமான நிலைமை கிடையாது.

இருபதாம் தேதி காலை எட்டு மணிக்கு, முன்னறிவிப்பு எதுவும் இல்லாமல், சக்கரத்துக்குப் பதில் செயின் பூட்டிய அறுப்பு மிஷின் தடதடவென்று வந்து நின்றது. பதினோரு மணிக்குள் ஒன்பது மாவும் அறுத்தாகிவிட்டது. நெல் டிராக்டரில் ஏறிப் போனது. வயலில் வெயில் விழுந்தது. மதிவாணன் உள்ளே இறங்கினான். பிளாஸ்டிக் குழாயில் ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர் சதுரச் சட்டம் செய்து வைத்திருந்தான். அதைத் தரையில் வைத்து எண்ணினான். முப்பத்திமூன்று செடி இருந்தால் நல்லது என்று புத்தகத்தில் இருந்தது. செயின் மிதித்தது போக, சட்டத்துக்குள் நாற்பத்தியொன்று இருந்தது. வேறு இடத்தில் வைத்தான், முப்பத்தெட்டு. கிழக்கோரப் பட்டையில் வைத்தான், நாற்பத்திநாலு!

அங்கேயே குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டான். ஐம்பத்திநாலு வயசு மனிதன், இரண்டு இலை விட்ட உளுந்தைப் பார்த்துக் கண் கலங்கினான் என்றால் சிரிக்கக் கூடாது. அந்த ஊரில் அவன் கையால் முளைத்த முதல் பொருள் அது. சென்னையிலிருக்கும் மகன் அரவிந்தனுக்குப் போட்டோ எடுத்து அனுப்பினான். வீரையன் சாலை ஓரத்துப் புளிய மரத்தடியில் சாப்பிட்டுக்கொண்டிருந்த அந்த அரைமணி நேரத்தில், மூங்கில் குச்சிகள் நட்டு, வயலின் சாலைப் பக்கம் நைலான் கயிறு கட்டி, பத்தடிக்கு ஒரு சிவப்புத் துணியும் தொங்கவிட்டான். தளத்தில் ஆபத்தான இடத்தைச் சுற்றி அப்படித்தான் கட்டுவார்கள்.

சாப்பிட்டு முடித்து வந்த வீரையன் கயிற்றைப் பார்த்துவிட்டுத் தலையைச் சொறிந்தார். "சார், இது எதுக்கு? உள்ள போவணுமே."

"எங்க போவணும்?"

"பெரியநாயகசாமி ஐயா வயலுக்கு. அதுக்கு உள்ள இன்னும் மூணு பேரு வயல் இருக்கே. வழி இதானே சார்?"

மதிவாணனுக்கு அப்போதுதான் உறைத்தது. அவன் சிங்கப்பூர் போன காலத்தில் அறுப்பு அரிவாளில்தான் நடந்தது. ஆட்கள் வரப்பில் நடந்து போனார்கள், நெற்கட்டைத் தலையில் வைத்து வரப்பிலேயே வந்தார்கள். மிஷின் வந்த பிறகு அவன் லீவில் வந்ததெல்லாம் தீபாவளிக்கும் கோடைக்கும். உள்ளே இருக்கும் நாலு வயலுக்கும் மிஷினும் டிராக்டரும் போய்வர ஒரே வழி, சாலையை ஒட்டிய அவன் வயலின் கிழக்கோரம். வானதி எதையும் கவனிக்காமல் விடவில்லை. அடுத்தவர்களுக்காக விட்டிருந்தாள்.

தெரிந்த பிறகும் அவன் கயிற்றை அவிழ்க்கவில்லை. இந்த இடத்தில் அவனுக்காக வக்காலத்து வாங்க முடியாது. டேப்பை எடுத்துக்கொண்டு வாய்க்கால் கரையை அளக்கப் போனான். கரை ஏழடி. மிஷின் எட்டரை அடி. "கரைல போனா வாய்க்கால்ல தூங்க வேண்டியதுதான் சார்" என்றார் வீரையன். மேற்கே சுற்றிப் போகலாமா என்று பார்த்தான். அங்கே அறுக்காத நெல் நின்றது. திரும்பி வந்தபோது பெரியநாயகசாமி வந்திருந்தார். அவனைவிட மூன்று நாலு வயது மூத்தவர். பொங்கல் வாரத்தில் அடித்த காற்றில் அவருடைய நெல் பாதி சாய்ந்து தரையில் படுத்திருந்தது. தென்கிழக்கில் மேகம் கறுத்துக்கொண்டிருந்தது. சாய்ந்த கதிரில் ஒரு மழை விழுந்தால் வயலிலேயே முளைத்துவிடும். கடலில் தாழ்வு நிலை, நாளைக்குள் மழை என்று எல்லோர் போனிலும் வந்திருந்தது.

"என்னா தம்பி, அளந்து முடிச்சிட்டீங்களா?" என்று மட்டும் கேட்டார்.

"அண்ணே, நான் தெரியாம இதுலயும் விதைச்சுட்டேன். முளைச்சு நிக்கிது. வேற வழி இருக்கான்னு பாக்குறேன்."

"பாருங்க" என்றார். கயிற்றுக்கு வெளியே வரப்பில் உட்கார்ந்தார். அவர் முகத்தில் எரிச்சல் அப்பட்டமாகத் தெரிந்தது. ஆனால் அதற்கு மேல் ஒரு வார்த்தை பேசவில்லை. உள் வயல்காரர்கள் மற்ற மூன்று பேரும் ஒருவர் பின் ஒருவராக வந்தார்கள். கயிற்றைப் பார்த்தார்கள், மேகத்தைப் பார்த்தார்கள், தள்ளிப் போய் போனில் பேசினார்கள். யாரோடு பேசுகிறார்கள் என்று மதிவாணனுக்குத் தெரியாதா என்ன? பேசி முடித்து வந்தவர்கள் முகமும் தெளிவாக இல்லை.

அவன் வேப்ப மரத்துப் பக்கம் ஒதுங்கி வானதிக்குப் போன் போட்டான். முதல் மணியிலேயே எடுத்தாள்.

"எல்லாரும் உன்னைக் கூப்புட்டாங்களா?"

"ஆமா."

"என்ன சொன்ன?"

"உங்ககிட்டப் பேசச் சொன்னேன்."

"நான் இப்ப என்ன பண்ணட்டும் வானதி?"

அவளுக்குப் பின்னால் குழந்தை அழுதது. "நீங்க நிக்கிற எடத்துல நான் இல்லீங்களே" என்றாள். "பாத்து செய்யுங்க." வைத்துவிட்டாள்.

அவனுக்கு ஆத்திரமாக வந்தது. அவிழ்த்துத் தொலையுங்கள் என்று அவள் ஒரு சொல் சொல்லியிருந்தால் அவிழ்த்திருப்பான். காலம் பூராவும் அதைச் சொல்லிச் சொல்லி முணுமுணுத்துக்கொண்டும் இருந்திருப்பான். அதற்கும் வழியில்லாமல் போய்விட்டது. திரும்பி வந்து கயிற்றோரம் நின்றான்.

அங்கே நின்றபோதுதான் ஒன்றைக் கவனித்தான். அந்தக் கயிறு கால் விரலால் தட்டினாலே விழுந்துவிடும். குச்சிகளை அவன் அவசரத்தில் ஒரு சாண்கூட ஆழமாக நடவில்லை. நாலு குடும்பத்தின் வருஷத்துச் சோறு உள்ளே கிடக்கிறது. தலைக்கு மேலே மேகம் நிற்கிறது. மிஷின் காத்துக்கொண்டிருக்கிறது. இருந்தும் ஒருவர் அந்தக் கயிற்றைத் தொடவில்லை. இது அவனுக்கான மரியாதை இல்லை என்பது அவனுக்கு நன்றாகத் தெரியும். நேற்று வந்தவனுக்கு இந்த ஊரில் அவ்வளவு மரியாதை சேர்ந்திருக்க நியாயமில்லை. மிஷின் வந்த நாளிலிருந்து ஒருத்தி ஒவ்வொரு தையிலும் பத்தடியை வெறுமனே போட்டு வைத்தாளே, அதற்காக உட்கார்ந்திருக்கிறார்கள்.

அவனுக்கு வெட்கமாக இருந்தது. அதோடு, இன்னதென்று தெரியாத ஒரு பெருமையும் இருந்தது. இப்படி ஒருத்தியோடு குடும்பம் நடத்துகிறோம் என்பது வருஷக்கணக்கில் போனில் பேசியபோதெல்லாம் தெரியாமல் போய்விட்டதே என்று நினைத்தான்.

குனிந்து முதல் குச்சியைப் பிடுங்கினான். இரண்டாவது குச்சியைப் பெரியநாயகசாமி பிடுங்கினார். கயிற்றை அவரே கையில் சுற்றிக்கொண்டு வந்து கொடுத்தார்.

"வீரையன், வண்டிய எடுங்க" என்றான் மதிவாணன். "ஆனா நான் காட்டுற வழியில வரணும்."

தன் முளைகளின் மேல் முதலில் நடந்தவன் அவன்தான். மிஷினுக்கு முன்னால், முகத்தை அதன் பக்கம் வைத்து, பின்னோக்கி நடந்துகொண்டே இரண்டு கையையும் தூக்கினான். இருபத்திரண்டு வருஷம் கிரேனுக்குக் காட்டிய அதே சைகைகள்: இடது கை மெதுவாக, வலது கை நிறுத்து, விரல் நுனியில் ஓர் அங்குலம். வீரையன் முதலில் சிரித்தார். இருபதடி போவதற்குள் சிரிப்பு நின்றுவிட்டது. எந்த டிரைவருக்கும் தெரியும், தெரிந்த கை எது, தெரியாத கை எது என்று. மிஷின் வரப்பை ஒட்டி ஒரு நூல் பிசகாமல் போனது. பின்னாலேயே டிராக்டர் வந்தது, அதே தடத்தில் சக்கரம் பதித்து. நாலைந்து நடைக்குப் பிறகு ஓர் இடத்தில் மண் இளகிச் சக்கரம் புதைந்தது. மதிவாணன் அளக்கப் போகவில்லை. கீழே கிடந்த வைக்கோலை அள்ளிப் போட்டு, தடத்தை அரை அடி உள்ளே தள்ளிக் காட்டினான். அந்த அரை அடியில் நின்ற செடிகளைப் பார்க்கத்தான் செய்தான். பார்த்துக்கொண்டே கையை அசைத்தான்.

வெயில் சாயும் வரை அவன் சாப்பிடவில்லை, உட்காரவில்லை. எத்தனை டிராக்டர் போய்வந்தது என்று எண்ணவும் இல்லை. பொழுது இறங்குவதற்குள் நாலு வயலும் முடிந்தன. பட்டை களிமண்ணும் சேறுமாகக் குழம்பிப்போயிருந்தது. அதில் சட்டம் வைத்து எண்ண ஒரு செடி இல்லை.

மழை பெய்யவில்லை.

அன்றும் பெய்யவில்லை, மறுநாளும் பெய்யவில்லை. மேகம் ராமநாதபுரம் பக்கம் போய்விட்டதாகச் செய்தி சொன்னார்கள். மறுநாள் காலை பெரியநாயகசாமி வரப்பில் வந்து நின்றுகொண்டு, வெளுத்துக் கிடந்த வானத்தையும் குழம்பிக் கிடந்த பட்டையையும் மாற்றி மாற்றிப் பார்த்தார்.

"ரெண்டு நாள் கழிச்சுக்கூட அறுத்திருக்கலாம் போல தம்பி" என்றார் சங்கடத்தோடு.

மதிவாணனுக்குச் சிரிப்பு வந்தது. அடக்கப் பார்த்தான், முடியவில்லை. பெரியநாயகசாமியும் சேர்ந்து சிரித்தார். "மழை வந்திருந்தா என்ன பண்ணியிருப்போம்ணே?" என்று கேட்டான். அப்படிச் சொன்னது தன் வாய்தானா என்று அவனுக்கே சந்தேகமாக இருந்தது.

பத்து நாள் என்று போன வானதி, அன்றைக்கு மத்தியானமே வந்துவிட்டாள். பஸ்ஸிலிருந்து இறங்கி வீட்டுக்குப் போகாமல், கையில் பையோடு நேராக வயலுக்கு வந்தாள். பட்டையைப் பார்த்தாள். வரப்போரம் செயின் தடமும் சக்கரத் தடமும் ஒரே கோட்டில் பதிந்திருந்ததை நடந்தே போய்ப் பார்த்தாள். பிறகு பட்டைக்கு இந்தப் பக்கம், வெயிலில் பச்சை பிடிக்கத் தொடங்கியிருந்த மிச்ச உளுந்தைப் பார்த்தாள்.

"தடத்துல விதைச்சுட்டேன் வானதி" என்றான். "வழின்னு தெரியாது."

"தெரியும். விதைக்கும்போதே பாத்தேனே."

"பாத்தியா? அப்ப ஏன் சொல்லல?"

"சொல்லணும்னு நாக்கு நுனி வரைக்கும் வந்துச்சுங்க. இங்கயே இருந்தா எப்படியும் சொல்லிருவேன். அதான் ஒரத்தநாடு போனேன்." பையைக் கீழே வைத்தாள். "அங்க போயி மட்டும் என்ன? எட்டு நாளா தூக்கமே இல்ல. ஷோபனா வையிறா, பெரியம்மா, கொழந்தையப் பாக்க வந்தியா, போனைப் பாக்க வந்தியான்னு. நேத்து பெரியநாயகசாமி அண்ணன் கூப்புட்டப்ப, கயித்த அறுத்துட்டுப் போங்கண்ணேன்னு சொல்ல வாயெடுத்தேன். வாய மூடிக்கிட்டேன். உங்ககிட்டக் குடுத்துட்டேன்னு சொன்னேனே."

கயிற்றை அவிழ்க்கத் தனக்கு எவ்வளவு கஷ்டமாக இருந்தது என்று மதிவாணனுக்குத் தெரியும். அது ஒரு மத்தியானம். இவள் எட்டு நாள், நாற்பது மைல் தள்ளி உட்கார்ந்து, அவன் தப்புச் செய்கிறான் என்று தெரிந்தே, ஊர் முழுக்கக் கூப்பிட்டுக் கேட்டும், கையைக் கட்டிக்கொண்டு இருந்திருக்கிறாள். அவன் இத்தனை வருஷத்தில் கையெழுத்துப் போட்ட எந்தப் பாரமும் இவ்வளவு கனமில்லை. அதை அவளிடம் சொல்ல நினைத்தான். "சாப்டியா?" என்றுதான் கேட்க முடிந்தது.

அவள் பதில் சொல்வதற்குள் போன் அடித்தது. காதில் வைத்துக் கேட்டாள். வைக்கோலை உருட்டிக் கட்டும் மிஷின்காரர். முளைத்த உளுந்தின் மேல் அந்த வண்டியும் ஏறியாக வேண்டும். வைக்கோலை விட்டால் செடி மூடிக்கொள்ளும், எடுத்தால் மிதிபடும். எப்போது வரட்டும் என்று கேட்கிறார். அந்தக் கேள்விக்கு இத்தனை வருஷமாக வானதிதான் பதில் சொல்லி வந்தாள்.

"இருங்க, அவங்ககிட்டத் தர்றேன்" என்று போனை அவன் கையில் கொடுத்தாள். பையைத் தூக்கிக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். அவன் என்ன சொல்லப்போகிறான் என்று கேட்கக்கூட அவள் நிற்கவில்லை.

மதிவாணன் வயலைப் பார்த்தான். மண்ணில் ஈரம் எவ்வளவு இருக்கிறது என்று நின்ற இடத்திலிருந்து தெரியவில்லை.

"எனக்குத் தெரியலைங்க" என்றான் போனில். "எறங்கிப் பாத்துட்டுச் சொல்றேன்."